வரலாற்றுப் பட்டமும் பேர்க் கணக்கும்

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் படிக்கக் கட்டணம் கிடையாது. அதனாலோ என்னவோ, ஒரு பட்டத்துக்கு லாப நட்டம் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. "புள்ளைக்கு கெம்பஸ் கெடைச்சிருச்சு" என்றால் போதும். கோயிலில் தேங்காய் உடைப்பார்கள், தோட்டத் தலைவர் வீட்டுக்கே வந்து வாழ்த்திவிட்டுப் போவார். என்ன பாடம், முடித்தால் என்ன சம்பளம் என்ற கேள்விகள் நாலைந்து வருஷம் கழித்துத்தான் வரும். வரும்போது எல்லாம் சேர்ந்து வரும்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம் படித்தவள். சொந்த இடம் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான உயர்தரத்தின் பெறுபேறு வரும் காலத்தில் யாராவது ஒரு அம்மாவோ அண்ணனோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "வரலாறு எடுத்தா பிரயோசனம் இருக்கா டீச்சர்?" என்பார்கள். நான் டீச்சர் இல்லை, ஆனால் பட்டம் எடுத்த பெண் என்றால் எங்கள் ஊரில் டீச்சர்தான். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன், காசு விஷயத்தை மட்டும். வரலாறு மனதுக்கு என்ன தரும் என்பதை வேறு யாராவது அழகாக எழுதட்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பற்றி எழுதும்போது வரலாற்றுப் பட்டதாரியையும் பொறியியல் பட்டதாரியையும் பக்கத்தில் நிறுத்திச் சம்பளம் பார்ப்பார்கள். அந்த ஒப்பீடு எங்களுக்கு உதவாது. நான் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது. விஞ்ஞானமோ கணிதமோ வேண்டுமென்றால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய் போடிங் எடுக்க வேண்டும், டியூஷனுக்குத் தனியாகக் காசு வேண்டும். சாதாரண தரம் முடிந்த அன்றே எங்களில் பலருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. தமிழ், வரலாறு, அரசியல் விஞ்ஞானம் என்று மூன்று பாடத்தோடு நின்ற பிள்ளைக்கு முன்னால் இருந்த வழிகள் வேறு: ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி, கொழும்பில் கடை வேலை, ஆடைத் தொழிற்சாலை, மத்திய கிழக்கு, இல்லையென்றால் கெம்பஸ். இவற்றோடுதான் வரலாற்றுப் பட்டத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு எல்லாக் கணக்கும் பேரில்தான். ஒரு நாள் வேலைக்கு செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், விழுவது ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நான் கெம்பஸ் போனபோது ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 500 ஆனது. அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு என்று உண்டு. ஆனால் நிபந்தனை போட்டு வரும் காசை அப்பா எப்போதும் கணக்கில் சேர்க்கமாட்டார். அதே மாதிரி சம்பளத் துண்டின் கழிவுப் பக்கத்தையும் அவர் மறக்கமாட்டார்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் சந்தா, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணம்.

எனக்கு ஹில்டா ஒபேசேகர விடுதியில் இடம் கிடைத்திருந்ததால் தங்குமிடச் செலவு பெயரளவுக்குத்தான். சாப்பாடு, போட்டோகொப்பி, போன் ரீலோட், பஸ், ரயில் எல்லாம் சேர்த்து, சிக்கனமாக இருந்தால் மாதம் பத்தாயிரத்துக்குள் முடியும். மஹாபொல புலமைப்பரிசில் அப்போது 5000 ரூபா. அது மாதா மாதம் ஒழுங்காக வராது. வராத மாதத்தில் கடன், வந்த மாதத்தில் கடன் அடைப்பு. மீதி ஐயாயிரம் வீட்டிலிருந்து வர வேண்டும். "மாசம் பத்துப் பேர் ஒனக்கு" என்பார் அப்பா. கோபமாகச் சொன்னதில்லை, விலைப்பட்டியல் வாசிப்பது மாதிரிச் சொல்வார். கொழுந்து குறைந்த மாதங்களில் அம்மாவுக்குப் பதினைந்து பேர் விழுவதே பெரிய விஷயம். அதில் பத்து பேராதனைக்குப் போய்விடும். நாலு வருஷத்துக்குக் கூட்டினால் ஐந்நூறு பேர் அளவில் வரும், அதாவது இரண்டரை லட்சம்.

நான் இன்றைக்குப் பார்க்கும்போது இந்த இரண்டரை லட்சம் பெரிய செலவே இல்லை. பெரிய செலவு எங்கேயும் எழுதப்படாத ஒன்று: காத்திருந்த காலம்.

2012 ஆகஸ்ட்டில் உயர்தரம் எழுதினேன். பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பதிவு செய்து, விரிவுரை தொடங்கும்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. சிறப்புப் பட்டம் நாலு வருஷம் என்பது காகிதத்தில். பகிஷ்கரிப்பு, மூடுதல், 2018 இல் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்த கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று அதுவும் நீண்டது. பட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் விடுதியும் இல்லை, மஹாபொலவும் இல்லை, வேலையும் இல்லை. 2020 இல் அரசாங்கம் வேலையற்ற பட்டதாரிகளை மொத்தமாக எடுத்தபோதுதான் எனக்கு நியமனம் வந்தது, அதுவும் பயிலுனராக, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு. நிரந்தர நியமனம் கைக்கு வந்தபோது நாட்டில் எரிபொருள் வரிசை நீளத் தொடங்கியிருந்தது. 2022 இல் ரூபாவின் மதிப்பு விழுந்ததை எல்லோரும் அறிவார்கள்.

இதற்குப் பக்கத்தில் என் தோழியின் கணக்கை வைக்கிறேன். ஒரே வகுப்பு, ஒரே பாடங்கள், பெறுபேறும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவள் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போனாள். இரண்டு வருஷம் கல்லூரி, ஒரு வருஷம் கட்டுறுபயிற்சி, அதோடு ஆசிரியர் நியமனம். நான் மூன்றாம் வருஷத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் பாடசாலையில் வரவு இடாப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாதம் முப்பதாயிரம் என்று குறைத்துப் போட்டாலும், எனக்கு முன்னால் அவள் வாங்கிய சம்பளம் மட்டும் பதின்மூன்று பதினான்கு லட்சம் வரும். அப்புறம் சம்பளத்தில் இருந்துகொண்டே வெளிவாரிப் பட்டமும் முடித்துவிட்டாள். இப்போது அவளும் பட்டதாரிதான். சம்பளத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் அவளுடையது என்னுடையதை விடக் கொஞ்சம் கூட.

காசு மட்டும்தான் அளவு என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. குடும்பத்தில் கீழே இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒரே ஒரு சம்பளம்தான் வருகிறது என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு நான் தயங்காமல் கல்வியியற் கல்லூரி என்றுதான் சொல்வேன். முதலில் வேலை, பிறகு பட்டம். அந்த வரிசையில் பட்டத்தின் மதிப்புக் குறையப் போவதில்லை, வீட்டில் அடுப்பும் எரியும்.

கொழும்புக்குப் போனவர்களின் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. புறக்கோட்டையில் துணிக்கடைக்குப் போன என் ஒன்றுவிட்ட அண்ணன் பத்து வருஷத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டார். அவருடைய மாத வருமானம் எனக்கு மூன்று மாதச் சம்பளம். அவரோடு போன மற்ற இரண்டு பேரும் கடை மாறிக் கடை மாறி, கொரோனா காலத்தில் திரும்பி வந்து இப்போது கொந்தரப்புக்கு மரக்கறித் தோட்டம் செய்கிறார்கள். ஜெயித்த ஒருவரை மட்டும் பார்த்து "படிப்பு எதுக்கு" என்று பேசும் மாமாக்கள் எல்லாக் கல்யாண வீட்டிலும் இருக்கிறார்கள்.

சரி, சம்பளம் வந்த பிறகு அந்தப் பட்டம் என்ன செய்தது? இங்கே நான் எதிர்பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு உறுதி கிடையாது. நாலு தலைமுறை அந்தக் காம்பராவில் இருந்தாலும் அதை ஈடு வைத்து வங்கியில் ஒரு சதம் வாங்க முடியாது. ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்தவர்களிலும் எத்தனையோ பேர் உறுதிக்காகக் காத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு நகைக்கடை, அதற்கு மேல் சீட்டு, அதற்கும் மேல் வட்டிக்காரர். இப்படி இருந்த வீட்டுக்குள் ஒரு அரச சம்பளத் துண்டு வருவது என்பது காணி உறுதி வருவதற்குச் சமம். அரச உத்தியோகத்தருக்கு இடர்க்கடன் என்று ஒன்று இருக்கிறது. நான் எடுத்தபோது உச்சம் இரண்டரை லட்சம், வட்டி வருஷத்துக்கு 4.2 வீதம். வட்டிக்காரரிடம் மாதத்துக்கே அதைவிடக் கூட வட்டி கட்டிய வீடு எங்களுடையது. அந்தக் கடனில்தான் கூரைத் தகரம் மாற்றினோம், தம்பியின் ஹோட்டல் பயிற்சிக்குக் கட்டினோம்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. அரச உத்தியோகத்தர் என்று தெரிந்ததும் லயத்தில் பாதிப் பேர் பிணைக் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். "ஒரு கையெழுத்துத்தானேம்மா" என்பார்கள். அந்த ஒரு கையெழுத்துக்கு வேறொருவர் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும் அலுவலர்களை எனக்குத் தெரியும். புதிதாக நியமனம் கிடைத்தவர்கள் முதல் மாதமே இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் பதில்: "ஏற்கனவே ரெண்டு பேருக்குப் போட்டுட்டேன், இனி ஒப்பீஸ்ல ஏத்துக்கமாட்டாங்க." பாதி உண்மை, வேலை செய்கிறது.

இதுவரை சொன்னதில் வரலாறு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 இல் என்னோடு நியமனம் பெற்றவர்களில் தமிழ் படித்தவர், புவியியல் படித்தவர், இந்து நாகரிகம் படித்தவர், பொருளியல் படித்தவர் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே 20,000. அரசாங்கத்தின் சம்பளப் படிநிலைக்கு நீங்கள் நாலு வருஷம் எதைப் படித்தீர்கள் என்பது ஒரு பொருட்டில்லை. 2024 இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 இலிருந்து 17,800 ஆனபோதும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஆனது. ஆகவே "எந்தக் கலைப்பாடம் எடுத்தால் கூடச் சம்பளம்" என்று குழம்புவது, அரச வேலையைப் பொறுத்தவரை, நேர விரயம்.

வித்தியாசம் சம்பளத்துக்கு வெளியே வருகிறது. ஆசிரியராகப் போனவர்களுக்கு வரலாறு நல்ல பாடம். ஆறாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை கட்டாயப் பாடம் என்பதால் எந்தப் பாடசாலைக்கும் வரலாற்று ஆசிரியர் வேண்டும், டியூஷனும் ஓடும். ஹட்டனில் சனி ஞாயிறில் வரலாறு எடுக்கும் என் கெம்பஸ் தோழன் ஒருவனுக்கு சில மாதங்களில் டியூஷன் காசு சம்பளத்தை எட்டிப் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பாடம் என்பதே அவனுக்கு மூலதனம். தனியார் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு நேர் எதிர். ஹட்டனிலும் கண்டியிலும் நான் ஏறி இறங்கிய நிறுவனங்களில் வரலாற்றுப் பட்டத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை, கவனிக்கவே இல்லை. கணக்கு மென்பொருள் தெரியுமா, சிங்களத்தில் கடிதம் எழுதுவீர்களா, ஆங்கிலத்தில் போன் பேசுவீர்களா என்றுதான் கேட்டார்கள்.

என் சொந்த அனுபவத்தில் வரலாறு காசாக மாறிய இடம் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வேலைக்கு ஆட்கள் போதவில்லை.

என் ஆய்வுக் கட்டுரைக்காக எங்கள் பகுதித் தோட்டங்கள் கைமாறிய கதையைத் தேடினேன். அதற்காகத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் பேராதனை நூலகத்துக்கும் அலைந்தபோது பெர்குசன் டைரக்டரியைப் புரட்டப் பழகினேன். பிரித்தானியர் காலத்துத் தோட்டங்கள் மாவட்ட வாரியாக அதில் இருக்கும்: பெயர், ஏக்கர், சொந்தக்காரர், தோட்டத்தை நடத்திய துரை. ஒரு வருஷத்து டைரக்டரியை வைத்துப் பெரிய பயனில்லை. பத்து வருஷ இடைவெளியில் நாலைந்தை எடுத்து ஒரே தோட்டத்தின் வரியைத் தொடர்ந்து பார்த்தால், எது எதோடு சேர்ந்தது, எந்தப் பெயர் காணாமல் போனது என்று தெரியும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனதும் பல சின்னத் தோட்டங்களின் பெயரை விழுங்கிவிட்டன. இன்றைய வரைபடத்தில் தேடினால் அவை கிடைக்காது.

ஒரு விடுமுறையில் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி டிக்கோயாவுக்கு வந்தார்கள். அந்த மனிதரின் பாட்டனார் எங்கள் பக்கத்தில் துரையாக இருந்தவர். கையில் ஒரு பழைய கடிதத்தின் பிரதி. அதிலிருந்த தோட்டப் பெயரை அவர்களுடைய சாரதி கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்த ஒருவர் மூலம் எனக்கு போன் வந்தது. அந்தப் பெயர் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. 1930களிலேயே பக்கத்துத் தோட்டத்தின் ஒரு டிவிஷனாகிவிட்ட இடம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய பங்களாவின் அத்திவாரம்தான் மிச்சம், அதன்மேல் யாரோ கோவா (முட்டைக்கோஸ்) போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது டிக்கோயா வார்லி தேவாலயத்து மயானத்தில் அந்தக் குடும்பப் பெயர் கொண்ட ஒரு கல்லும் கிடைத்தது. பாசி ஏறி எழுத்தே தெரியவில்லை. பெரியவர் தண்ணீர்ப் போத்தலைச் சரித்து, கைக்குட்டையால் துடைத்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். போகும்போது அவர் கொடுத்த காசு என் அரை மாதச் சம்பளத்தை விடக் கூட. நான் கேட்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்குச் சிலர் வருகிறார்கள். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறையைப் பார்க்க வருபவர்களும் உண்டு. 1879 இல் இறந்தவர். ஆனால் அவர்களுக்கு வழிகாட்டத் தேவையில்லை, இடம் எல்லோருக்கும் தெரியும். தேடிக் கொடுப்பதற்குத்தான் காசு.

இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருந்து வருவார்கள். அவர்கள் கையில் இருப்பது குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, ஒரு மங்கலான படம், அப்பாயி சொன்ன தோட்டப் பெயர். துரைமார் பதிவில் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்டது இன்னொன்று என்பதால் அந்தப் பெயரை வைத்து டைரக்டரியில் தேட முடியாது. அதற்கு வேறு வழி. தோட்டப் பாடசாலையின் சேர்வுப் பதிவேடு, கோயில் கட்டியபோது சுவரில் பதித்த உபயகாரர் பெயர்ப் பலகை, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளைமார். பழைய செக்ரோல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கறையான் முந்திக்கொண்டிருக்கும். இப்படித் தேடி ஒரு அக்காவுக்கு அவருடைய சித்தியின் குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அவர்களிடம் பஸ் காசுக்கு மேல் வாங்க மனம் வரவில்லை. ஆகவே இந்த வேலையில் பாதிக்கு வருமானம் உண்டு, பாதிக்குக் கிடையாது. இரண்டுக்கும் உழைப்பு ஒன்றுதான்.

இப்படிப் பக்கத்தொழில் செய்ய நினைக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கு ஒரு குறிப்பு: அரச ஊழியர் விதித் தொகுப்பான தாபனக் கோவையின்படி முன் அனுமதி வேண்டும். நான் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கேட்காமல் செய்பவர்கள் நிறைய. ஆனால் யாராவது ஒரு பெட்டிஷன் போட்டால் விளக்கம் எழுதியே கை தேய்ந்துவிடும், எங்கள் ஊரில் பெட்டிஷனுக்குப் பஞ்சமில்லை. சுற்றுலாப் பயணிகளை முறையாகக் கூட்டிப் போவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிமமும் வேண்டும். என்னோடு படித்த ஒருவன் அந்த உரிமம் எடுத்து எல்ல பக்கம் முழுநேரமாக இருக்கிறான். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி மற்ற வழிகாட்டிகள் சொல்லும் கதைக்கும் இவன் சொல்வதற்கும் வித்தியாசம் தெரிவதால் ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். நல்ல பருவத்தில் அவன் ஒரு மாதத்தில் பார்ப்பது என் இரண்டு மாதச் சம்பளம். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020 இலும், 2022 இலும் அவன் பார்த்தது பூச்சியம். இரண்டு பிள்ளைகளோடு அந்த மூன்று அடியையும் தாங்கியது மனைவியின் ஆசிரியர் சம்பளம்.

இனி, வரலாறுதான் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைகளுக்கு. சிங்களத்தை விடுதியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் கடையில் பேசும் அளவுக்கு எல்லோருக்கும் சிங்களம் வரும், அது போதாது. வாசிக்கவும் எழுதவும் வர வேண்டும். என் அறையில் இருந்தவள் குருணாகலைப் பெண். அவளுக்கு நான் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன், அவள் எனக்குத் தன் விரிவுரைக் குறிப்புகளைக் கொடுத்தாள். அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007 இலிருந்தே சுற்றறிக்கை இருக்கிறது. பெறாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். எனக்கு அந்தப் பரீட்சை சிரமமாக இருக்கவில்லை. என்னோடு சேர்ந்த சிலர் இன்னும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பிலும் காசு இருக்கிறது. எங்கள் ஆட்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், வெளிநாடு போக ஆங்கிலத்தில் வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஆட்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை எங்கள் அலுவலக வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

ஆங்கிலத்தை விட்டால் வரலாறே பாதிதான் கிடைக்கும். தோட்டங்களைப் பற்றிய மூல ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதிலும் கையெழுத்தில். தமிழ்மொழி மூலம் படித்தாலும் வாசிப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும், போகட்டும்.

ஆய்வுத் தலைப்பை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எடுங்கள். அனுராதபுர கால நீர்ப்பாசனத்தைப் பற்றி எழுதப் பெரிய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தின் நூற்றைம்பது வருஷத்தை எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பதை எந்த வழிகாட்டியும் சொல்வான். அந்தக் காட்டை வெட்டியவர்கள் எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு வந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தலைப்புக் கிடைக்காமல் திரும்பமாட்டீர்கள்.

போட்டிப் பரீட்சைகளை இறுதி வருஷத்திலேயே தொடங்குங்கள். நிர்வாக சேவைக்கு வயதெல்லை இருக்கிறது, நம் பல்கலைக்கழகங்களின் தாமதம் அந்த வயதைத்தான் தின்கிறது. பொது அறிவுத் தாளில் வரலாற்று மாணவருக்குக் கை ஓங்கியிருக்கும். நுண்ணறிவுத் தாளில் எங்கள் ஆட்கள் விழுவார்கள், பயிற்சி அதற்குத்தான் வேண்டும்.

சம்பளத் துண்டில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார், பிறப்புப் பதிவு இல்லை, பிரஜாவுரிமைக் கடிதம் எங்கேயோ தொலைந்துவிட்டது. கௌண்டரில் இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஒப்பந்தம், 2003 இன் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் எல்லாம் நான் கெம்பஸில் பரீட்சைக்குப் பாடமாக்கியவை. எந்தச் சட்டத்தின் கீழ் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் எந்த ஆவணத்தை எங்கே கேட்பது என்பதும் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு சதமும் கூட வரவில்லை. அலுவலகத்தில் அதற்குப் பிறகு இப்படியான கோவைகள் எல்லாம் என் மேசைக்கே வருகின்றன, அதுவும் வேலைதான் கூட்டியது.

இந்த வருஷம் பக்கத்து டிவிஷனில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். பேராதனைக் கலைப்பீடத்துக்கு வெட்டுப்புள்ளி தாராளமாக இருக்கிறது, கல்வியியற் கல்லூரிக்கும் தகுதி இருக்கிறது. அப்பா இல்லை. அம்மா கொழுந்தெடுக்கிறார், இப்போது ஒரு பேருக்கு நாலிலக்கம் என்றாலும் அரிசி விலை அதற்கு மேல் ஓடுகிறது. அண்ணன் கொழும்பில், மாதம் கொஞ்சம் அனுப்புகிறான். தங்கை ஒன்பதாம் தரம். பிள்ளைக்கு வரலாற்றில் நல்ல பிடிப்பு. நான் ஏதோ கேட்க, முல்லோயா தோட்டத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். "எதுக்கு முதல்ல கடிதம் வருதோ அதுக்குப் போகட்டும்" என்றார் அம்மா. நான் அண்ணனை போனில் எடுத்து, இன்னும் ஆறு வருஷத்துக்கு இதே அளவு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். நாலு வருஷம் என்றுதானே சொன்னீர்கள் என்றான். காத்திருக்கும் இரண்டு வருஷத்தையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, கல்யாணம் ஆகும் வரை முடியும் என்றான். அந்தப் பதிலோடு இப்போதைக்கு இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள்.